ஆற்றங்கரையில் ஆறு நாள்

"மீன் பிடிக்கக் கற்றுக்கொண்டு வந்தேன்" என்று நான் சொன்னதும், வாழைப்பூ நறுக்கிக்கொண்டிருந்த என் மாமியார் அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். எங்கள் வீட்டில் மீன் என்றால் காலண்டரில் வரும் மச்சாவதாரம் ஒன்றுதான்.

"பிடித்து?" என்றார்.

"திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிட்டேன், அம்மா."

"அதற்கா இத்தனை பணம் செலவழித்துக்கொண்டு சீமைக்குப் போனாய்? நம் ஊர்க் கோயில் குளத்தில் பொரி போட்டால், மீன் தானாக வந்து தானாகப் போகிறதே!"

நேயர்களே, உங்களில் பலருக்கும் இதே சந்தேகம் வரும். பொறுமையாகக் கேளுங்கள். இது சமையல் குறிப்பு அல்ல. மீன் பிடிக்கப் போன இடத்தில் வேறொன்று என் கைக்கு அகப்பட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என் அக்கா ஸ்காட்லாந்தில் பெர்த் என்ற ஊரில் குடியிருக்கிறாள். அத்திம்பேருக்கு அங்கே உத்தியோகம். டே என்ற நதி ஊரை ஒட்டி ஓடுகிறது. ஸ்காட்லாந்து தேசத்திலேயே நீளமான நதி அதுதான். மே மாதக் கடைசியில், கோடை விடுமுறைக்கு, என் எட்டு வயதுப் பிள்ளையை அழைத்துக்கொண்டு அங்கே போனேன்.

பிள்ளையைப்பற்றி ஒரு வார்த்தை. ஒரு வருஷத்துக்கு முன்பு வரை வாய் ஓயாமல் பேசுகிறவன். பள்ளிக்கூடம் மாற்றிய பிறகு பேச்சே நின்றுவிட்டது. தினம் சாயங்காலம் வாசற்படியிலேயே பிடித்துக்கொள்வேன். "இன்றைக்கு என்னடா நடந்தது? யாரோடு விளையாடினாய்? டிபன் சாப்பிட்டாயா? வாத்தியாரம்மா என்ன சொன்னார்?" நான்கு கேள்விக்கும் ஒரே பதில்தான்: "ஒண்ணுமில்லே." பத்திரிகைக்காரி நான். மந்திரிகளையும் சினிமா நட்சத்திரங்களையும் பேசவைத்திருக்கிறேன். பெற்ற பிள்ளையிடம் என் சாமர்த்தியம் பலிக்கவில்லை.

கனமில்லாத இரை

அக்கா வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், கணவரை இழந்தவர், எழுபது தாண்டியும் முதுகு வளையாதவர். வாரத்தில் மூன்று நாள் ஆற்றில் இறங்கி ஈத் தூண்டில் போடுவார். "சும்மாத்தானே இருக்கிறாய்? பையனையும் அழைத்துக்கொண்டு என்னோடு வா" என்றார். அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, டே நதியில் வந்து கலக்கும் ஒரு சிற்றாற்றுக்குப் போனோம். இடுப்பு வரை வரும் ரப்பர்க் காற்சட்டையை எனக்கு மாட்டிவிட்டார்கள். அந்தக் கோலத்தில் அக்கா எடுத்த புகைப்படத்தை நான் ஒளித்து வைத்திருக்கிறேன்.

நம் ஊரில் தூண்டில் போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். முள்ளில் மண்புழு, நூலில் ஈயக் குண்டு, மேலே மிதக்கும் தக்கை. குண்டின் கனத்தில் தூண்டில் நீரில் போய் விழும். ஈத் தூண்டில் நேர் எதிர். முள்ளில் இருப்பது பட்டு நூலாலும் இறகாலும் கட்டிய பொய் ஈ. ஊதினால் பறக்கும், அதை எறியவே முடியாது. ஆகையால் ஈக்குப் பதில் நூலையே கனமாகச் செய்திருக்கிறார்கள். கோலைப் பின்னால் வீசினால் நூல் முதுகுக்குப் பின்னே நீண்டு பறக்கிறது. முன்னால் வீசினால் முன்னே நீள்கிறது. அதன் நுனியில் ஈயும் கூடவே போய், பூ உதிர்வதுபோல் நீரில் அமர்கிறது. அதாவது, பாட்டி வீசும்போது அப்படி அமர்ந்தது. நான் வீசியபோது முதலில் புதரில் அமர்ந்தது. பிறகு என் தொப்பியில். மூன்றாவது தடவை, கரையில் புத்தகம் படித்துக்கொண்டிருந்த அக்காவின் கம்பளிச் சட்டையில்.

"நீ அவசரப்படுகிறாய்" என்றார் பாட்டி. "கடிகார முகத்தை நினைத்துக்கொள். கோல் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவேதான் ஆடவேண்டும். பின்னால் போனதும் நிறுத்து. நூல் முழுக்க நீளும் வரை காத்திரு. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அது தன் வேலையை முடித்துக்கொண்டிருக்கிறது. முடிவதற்குள் நீ முன்னால் இழுத்தால் சவுக்கைப்போலச் சொடுக்கி ஈ அறுந்து போகும்."

அன்று மட்டும் நான்கு ஈக்களை அறுத்தேன்.

நம் காட்டுச் சேவல்

மறுநாள் மழை. பாட்டி தம் ஈப் பெட்டியைத் திறந்து காட்டினார். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியேதான். கடுகு, வெந்தயத்துக்குப் பதில் விதவிதமான ஈக்கள். முயலின் காதோரத்து மயிரில் ஒன்று, கௌதாரி இறகில் ஒன்று, சேவலின் கழுத்து இறகில் ஒன்று. ஒரு மூலையில், சாம்பல் நிறத்தில் வெள்ளையும் மஞ்சளுமாக அரக்குத் துளி வைத்தாற்போல் மின்னிய ஓர் இறகைக் கண்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கேயோ பார்த்த இறகு!

"உன் ஊர்ச் சரக்குத்தான்" என்று சிரித்தார் பாட்டி.

ஆம்! மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளில் கூவித் திரிகிறதே சாம்பல் காட்டுச்சேவல், அதன் கழுத்து இறகு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சால்மன் மீனுக்காகக் கட்டிய அலங்கார ஈக்களில் இந்த இறகு இல்லாவிட்டால் அழகு நிறையாது என்று கருதினார்களாம். கப்பல் கப்பலாக நம் பறவையின் இறகுகள் போயின. 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இப்போது நம் நாட்டில் அதை வேட்டையாடக் கூடாது. மேல்நாட்டில் வளர்ப்புப் பறவைகளிலிருந்து இறகு எடுக்கிறார்கள்.

ஈக் கட்டுவது என்றதும் பாட்டி ஒரு பெண்மணியின் கதையைச் சொன்னார். மெகன் பாய்ட் என்று பெயர். 1915-ல் பிறந்தவர். ஸ்காட்லாந்தின் வடகோடியில், பிரோரா என்ற ஊருக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்த சின்னஞ்சிறு வீட்டில் தனியாக வசித்து, பத்து விரலை நம்பிக் காலம் தள்ளியவர். அவர் கட்டிய ஈக்களுக்கு உலகமெங்கும் கிராக்கி. இளவரசராக இருந்த சார்லஸும் வாடிக்கைக்காரர். 1971-ல் அரசாங்கம் பதக்கம் அளித்து, அதைப் பெற்றுக்கொள்ள லண்டன் அரண்மனைக்கு அழைத்தது. அவர் போகவில்லை. காரணம் என்ன தெரியுமா? அன்றைக்குத் தம் நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையாம்! பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று கல்யாண வீட்டில் பாதியில் எழுந்திருக்கும் நம்மைப்போலத்தானே இது?

இன்னும் வேடிக்கை: ஆயிரக்கணக்கான ஈக்களைக் கட்டிய அந்த அம்மாள் ஒரு சால்மன் மீனைக்கூடப் பிடித்ததில்லை. மீனைக் கொல்ல அவருக்கு மனம் வரவில்லை. 2001-ல் காலமானார்.

இது ஆண்பிள்ளைகளின் விளையாட்டு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பாட்டி சண்டைக்கு வந்துவிட்டார். தூண்டில் கலையைப்பற்றி இங்கிலீஷில் அச்சேறிய முதல் புத்தகம் 1496-ல் வந்தது. எந்தெந்த மாதத்துக்கு எந்தெந்த ஈ என்று பன்னிரண்டு ஈக்களை அதில் சொல்லியிருக்கிறது. அதை எழுதியவர் ஜூலியானா பெர்னர்ஸ் என்ற சீமாட்டி என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அது அவர்தானா என்று அறிஞர்கள் வாதாடுகிறார்கள். பாட்டிக்குச் சந்தேகமே இல்லை.

ஜார்ஜினா பாலண்டைன் விஷயத்திலோ யாருக்கும் சந்தேகம் கிடையாது. 1922 அக்டோபர் 7-ந் தேதி மாலை, இதே டே நதியில், தகப்பனாரோடு படகில் இருந்த அந்தப் பெண்ணின் தூண்டிலில் ஒரு சால்மன் சிக்கியது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் போராட்டம், இருட்டிவிட்டது. கடைசியில் நிறுத்துப் பார்த்தால் 64 பவுண்டு! கிட்டத்தட்ட இருபத்தொன்பது கிலோ. எங்கள் வீட்டுக்கு வரும் அரிசி மூட்டையைவிட அதிகம். பிரிட்டனில் கோல் தூண்டிலால் பிடித்த சால்மன்களில் அதை மிஞ்சியது இன்றுவரை இல்லை. ஈயில் அல்ல, சிறு மீன் இரையில் சிக்கியது என்பதைப் பாட்டி சற்றே குரலைத் தாழ்த்தித்தான் ஒப்புக்கொண்டார். அந்த மீன் பெர்த் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது. ஜார்ஜினா முதல் உலக யுத்தத்தில் நர்ஸாகப் பணிபுரிந்தவர்.

ஒரு சமாசாரம் உங்களுக்குப் பொறாமையை உண்டாக்கும். ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிப்பது அங்கே சட்ட விரோதம். மீனுக்குக்கூட வாரத்தில் ஒருநாள் ரஜா! ஞாயிற்றுக்கிழமையில்தான் இரட்டிப்பு வேலை என்பது நமக்கு மட்டும் விதி.

"ஏன் பிடிக்கவேண்டும்?"

மூன்றாம் நாள் பாட்டி ஒரு டிரவுட் மீனைப் பிடித்தார். பழுப்பு உடம்பில் சிவப்புப் பொட்டுகள். கையை நனைத்துக்கொண்டு, நீருக்குள்ளேயே வைத்து முள்ளை எடுத்து, விட்டுவிட்டார். என் பிள்ளை அந்த ஊருக்கு வந்த பிறகு முதல் தடவையாகத் தானாக வாயைத் திறந்தான்.

"விடறதுக்கு ஏன் பிடிக்கணும்? அதுக்கு வலிக்காதா?"

அதை நான் இங்கிலீஷில் சொன்னேன். பாட்டி கோபித்துக்கொள்ளவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. "வலிக்கும் என்றுதான் நினைக்கிறேன்" என்றார். 2003-ல் ஸ்காட்லாந்து விஞ்ஞானிகளே டிரவுட் மீனின் தலையில் வலியை அறியும் நரம்புகள் இருப்பதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகு, முள்ளில் பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் குட்டிக் கொக்கியைப் பாட்டி இடுக்கியால் நசுக்கிவிடுகிறார். அப்படிச் செய்தால் முள் சுலபமாகக் கழன்று வரும். சில நாட்களில் முள்ளின் நுனியையே வெட்டிவிட்டு வீசுவதும் உண்டாம். மீன் வந்து ஈயைத் தொட்டுவிட்டுப் போனால் போதும், அன்றைக்கு அவருக்குத் திருப்தி.

"ஆனால் நானும் என்னைப்போன்ற கிழங்களும் இங்கே நிற்காவிட்டால், ஆறு கெடுகிறது என்று சொல்ல யார் இருப்பார்கள்?" என்றும் கேட்டார். 2023-ல் ஸ்காட்லாந்தில் தூண்டிலில் சிக்கிய சால்மன்கள் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம். 1952-ல் கணக்கு எழுதத் தொடங்கிய பிறகு அதுவரை அவ்வளவு குறைந்ததே இல்லை. அவற்றிலும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் திரும்ப ஆற்றிலேயே விடப்பட்டவை. அதே வருஷம் பிரிட்டனின் சால்மனை, அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பாட்டியின் பதில் எனக்குப் பாதி சமாதானம்தான் தந்தது. பாட்டிக்கும் அவ்வளவுதான் என்று தோன்றியது.

இழுபடும் நூல்

நான்காம் நாள் எனக்கு வீச்சு ஒருவாறு கைவந்தது. ஆனாலும் மீன் ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. பாட்டியின் ஈக்கு வந்த மீன் அதே இடத்தில் என் ஈயைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது!

"உன் ஈயைக் கவனி" என்றார். கவனித்தேன். மற்ற பூச்சிகள் நீரோட்டத்தோடு சும்மா மிதந்து போயின. என் ஈ மட்டும் பின்னால் ஒரு சின்னக் கோடு கிழித்துக்கொண்டு குறுக்கே ஓடியது. காரணம், ஆற்றின் நடுவில் நீர் வேகமாகவும் ஓரத்தில் மெதுவாகவும் போகிறது. குறுக்கே விழுந்த நூலை நடு நீர் வில்லாக வளைத்து, ஈயைப் பிடித்து இழுக்கிறது. கரையிலிருப்பவருக்கு அது தெரியவே தெரியாது, மீனுக்குத் தெரிந்துவிடும். இயல்பாக மிதக்கிற ஈ அல்ல, யாரோ இழுக்கிற ஈ என்று புரிந்துகொண்டு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

இதற்குப் பரிகாரம், நூல் வளையத் தொடங்குமுன் கோல் நுனியால் லேசாகச் சுண்டி, நூலை நீர் வரும் பக்கமாக எடுத்துப் போட்டுவிடுவது. கிழிந்த துணியைத் தைப்பதற்கு வழங்கும் இங்கிலீஷ் வார்த்தையைத்தான் இதற்கும் சொல்கிறார்கள். தைத்துவிட்டால் நூல் தளர்ந்து கிடக்கும். ஈ தன் போக்கில் போகும்.

இன்னொரு பாடமும் உண்டு. மீன் வாயைத் திறந்து ஈயை எடுத்ததும் நாம் வெடுக்கென்று தூக்கிவிடக் கூடாது. வாய் மூடித் தலை கீழே போகும் வரை பொறுக்கவேண்டும். அதற்காக, 'கடவுள் மன்னரைக் காப்பாராக' என்று நிதானமாகச் சொல்லி முடித்துவிட்டுத் தூக்கவேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுப்பார்கள். எனக்கு அந்த மன்னர் வாயில் நுழையவில்லை. 'வேலும் மயிலும் துணை' என்று மாற்றிக்கொண்டேன். அளவு சரியாக இருந்தது.

ஒருநாள் வாழ்வு

ஐந்தாம் நாள் மாலை. மாலை என்றால் மணி ஒன்பது! அந்த ஊரில் மே மாதக் கடைசியில் பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. நீருக்கு மேல் மே-ஈக்கள் மெல்லிய சிறகோடு எழுந்தன. நீருக்கடியில் புழுவாக ஒன்றிரண்டு வருஷம் இருந்துவிட்டு, சிறகு முளைத்தபின் ஒரு நாளோ இரண்டு நாளோதான் அவற்றுக்கு வாழ்வு. சிறகு வந்தபின் சாப்பிட வாய்கூடக் கிடையாது. 'சமையல் தொல்லை விட்ட ஜீவன்' என்று முதலில் சிரித்தேன். பிறகு, அந்த ஒரு மாலைக்காக அவை ஆடிய ஆட்டத்தைப் பார்த்துப் பேசாமல் இருந்துவிட்டேன்.

பாட்டி வளைவுக்கு அப்பால் போயிருந்தார். நான் கோலைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளை பக்கத்தில் கல்லில் உட்கார்ந்தேன். எதிர்க்கரை மரத்தடியில் ஒரு மீன் மட்டும் ஒரே இடத்தில் எழும்பி எழும்பி வட்டம் போட்டது.

"அம்மா, அது தனியாவே இருக்கே."

வழக்கமாக இருந்தால், "ஆமாம் கண்ணா, டிரவுட் மீன் தனக்கென்று ஓர் இடம் பிடித்துக்கொள்ளும்" என்று பாடம் நடத்தியிருப்பேன். அன்று அலுப்போ, அதிர்ஷ்டமோ, "ம்" என்றேன்.

ஆறு ஓடிற்று. வட்டம் விரிந்து கலைந்தது.

"நானும் ஸ்கூல்ல தனியாத்தான் சாப்பிடறேன்."

நேயர்களே, நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. 'ஏன்? யார் என்ன சொன்னார்கள்? எப்போதிலிருந்து? என்னிடம் ஏன் சொல்லவில்லை?' நான்கு கேள்வியும் நாக்கு நுனியில் வந்து நின்றன. அந்தக் கணத்தில் எனக்கு நூல் நினைவு வந்தது. தினம் சாயங்காலம் வாசற்படியில் நான் செய்தது என்ன? இழுத்தேன். ஒவ்வொரு கேள்வியும் ஒரு இழுப்பு. அவன் அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

'வேலும் மயிலும் துணை.' ஒரு தடவை சொன்னேன். போதாமல் இன்னொரு தடவையும் சொன்னேன். மூன்றாவது தடவையில் பாதி வந்திருப்பேன்.

"மத்தியானம் ரெண்டு பெரிய பசங்க வருவாங்கம்மா. டப்பாவைத் திறந்து என்ன இருக்குன்னு பார்ப்பாங்க. பிடிச்சிருந்தா எடுத்துப்பாங்க. பிடிக்கலேன்னா மூக்கைப் பிடிச்சுண்டு சிரிப்பாங்க. அதனாலே நான் மாடிப்படிக்குக் கீழே போய் உக்காந்துப்பேன். அங்கே யாரும் வரமாட்டாங்க."

"தினமுமா?"

"வெள்ளிக்கிழமை மட்டும் இல்லே. அன்னிக்கு அவங்களுக்கு விளையாட்டு கிளாஸ்."

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் டப்பா காலியாக வரும். மற்ற நாட்களில் பாதி மிச்சம் இருக்கும். "சாதத்தை வீணடிக்கிறாயே" என்று நான் திட்டுவேன். ஒரு வருஷமாகத் திட்டியிருக்கிறேன்.

இன்னும் நிறையச் சொன்னான். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவனே சொன்னான். இருட்டும் வரை உட்கார்ந்திருந்தோம். பாட்டி வந்து எங்கள் இருவரையும் பார்த்தார். ஒன்றும் விசாரிக்காமல் என் கோலை எடுத்து நூலைச் சுற்றிக்கொண்டு முன்னால் நடந்தார். முப்பது வருஷம் குழந்தைகளுக்குப் பாடம் சொன்னவர் அல்லவா?

ஆறாம் நாள் எனக்கு ஒரு மீன் கிடைத்தது. ஒன்பது அங்குலம். பிள்ளைதான் கையை நனைத்துக்கொண்டு அதைப் பிடித்து, "போ, போ" என்று விட்டான்.

ஊர் திரும்பியதும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வகுப்பு ஆசிரியை முழுவதும் கேட்டுக்கொண்டார். சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் மேற்பார்வை பார்க்க ஏற்பாடு ஆயிற்று. எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. இப்போதும் சில நாட்கள் டப்பா பாதியில் வருகிறது. ஆனால் மாடிப்படிக்குக் கீழே இப்போது இரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களாம். இரண்டாவது பையனுக்கு எலுமிச்சை சாதம் பிடிக்குமாம். செவ்வாய்க்கிழமைகளில் கொஞ்சம் கூடவே கட்டிவிடுகிறேன்.

சாயங்காலங்களில் நான் வாசற்படிக்குப் போவதில்லை. சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். அவன் வந்து மேடை ஓரத்தில் சாய்ந்து நிற்பான். சில நாள் பேசுவான். சில நாள் ஒரு கேரட்டை எடுத்துக் கடித்துக்கொண்டு போய்விடுவான். பழக்க தோஷம், போன வாரம் என்னையறியாமல், "இன்றைக்கு ஸ்கூலில் என்னடா..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

"அம்மா, நூல் இழுக்கறது" என்றான் பிள்ளை.

மாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன நூல்? எங்கே இழுக்கிறது?" என்று என் புடவைத் தலைப்பைப் பார்த்தார்.